புதுப் பூச்சு மேடு பள்ளம். பட்டியில் (வால் புட்டி) சரியாகிவிடும் என்கிறார்கள், நம்பலாமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு கட்டுகிறோம். தரைத்தளம் மட்டும், செங்கல் சுவர், பி-சாண்டில் (பூச்சுக்கான செயற்கை மணல்) பூச்சு. உள்பூச்சு முடிந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, நடுவில் மழை வேறு விடாமல் பெய்தது. தை மாதம் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்துவிட்டதால் ஒப்பந்தக்காரர் பெயிண்டரை இறக்கிவிட்டார்.

ஹாலில் நீளமான சுவர் ஒன்று. கையை வைத்துத் தடவினாலே மேடு பள்ளம் தெரிகிறது. 6 அடி அலுமினிய மட்டக்கோலைப் படுக்கவைத்துப் பார்த்தேன், நடுவில் ஒரு பேனா தாராளமாக நுழைகிறது. கரண்டி இழுத்த தடம் அங்கங்கே அப்படியே நிற்கிறது, உள்ளங்கையால் தேய்த்தால் மணல் உதிர்கிறது. சுவிட்சு பெட்டிகளைச் சுற்றியும், பைப்புக்குக் காடி வெட்டி அடைத்த இடங்களிலும் நிறமே வேறாக இருக்கிறது, கூடவே மயிரிழை வெடிப்பு.

படுக்கையறையில் ஏற்கெனவே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிக்கோட்), அதன்மேல் பட்டி, அதன்மேல் ஒரு கோட் எமல்ஷன் பெயிண்ட் வரை போய்விட்டார்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் அடிப்பகுதி உப்பி வருகிறது, நகத்தால் நெம்பினால் தகடு தகடாக உரிகிறது.

கொத்தனாரைக் கேட்டால் "பட்டி போட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். பெயிண்டர் "பூச்சு சரியில்ல சார், ஆனா பட்டியிலயே எடுத்துடலாம், மூட்டைதான் கூட ஆகும்" என்கிறார். கூடுதல் மூட்டைக்கான பணத்தை நான்தான் கொடுக்க வேண்டுமாம். கட்டுகிற செலவு ஏற்கெனவே கையைக் கடிக்கிறது. பணத்தைக் கொடுத்தாலும் சுவர் நிற்குமா என்பதுதான் என் கவலை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_பெயிண்டர்:
சார், ஹாலில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் காரியம் அதுதான்.

நான் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். பட்டி என்பது பூச்சின் துளையையும் மணல் சொரசொரப்பையும் மூடி வழுவழுப்பாக்குவதற்கு வந்த பொருள். வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்த்து 1.5 மி.மீ. தடிமன், அதற்குமேல் போகக் கூடாது என்று மூட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். உங்கள் சுவரில் பேனா நுழைகிறது என்றால் 7, 8 மி.மீ. பள்ளம். அதைப் பட்டியில் நிரப்பினால் காயும்போதே வெடிக்கும், வெடிக்காமல் தப்பித்தால் ஒருநாள் மொத்தமாகக் கழன்று வரும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். 100 சதுர அடியில் சராசரியாக 5 மி.மீ. நிரப்ப வேண்டும் என்றால் ஏறத்தாழ 45 லிட்டர் கலவை வேண்டும். 40 கிலோ மூட்டை ஒன்று அதற்குப் பத்தாது. ஒழுங்கான சுவராக இருந்தால் அதே மூட்டை இரண்டு கோட்டுக்கு 450, 500 சதுர அடிக்கு வரும். பூச்சுக்காரர் விட்ட பள்ளத்தைச் சிமெண்ட் கலவையில் அடைக்காமல் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளில் அடைக்கச் சொல்கிறார்கள், அதுவும் உங்கள் பணத்தில்.

பெயிண்டர் ஏன் சரி என்று சொன்னார் என்றும் புரிகிறது. ஒப்பந்தக்காரர் சொல்லி வந்த ஆள் அவர், மாட்டேன் என்றால் வேலை போய்விடும். ஆறு மாதம் கழித்து உரிந்தால் பழி மட்டும் அவர் தலையில்தான் விடியும். அதனால் அவரோடு சண்டை போடாதீர்கள்.

சிவில்_ஓய்வு:
படுக்கையறையில் உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உரிந்த தகட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சுவரைப் பார்ப்பதைவிட அது முக்கியம், நோய் என்ன என்று அதுதான் சொல்லும்.

பின்பக்கம் முழுக்க மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் பூச்சின் மேல்தோலே பலமில்லாமல் இருக்கிறது, பெயிண்ட்மீது குற்றமில்லை. மணலே இல்லாமல் வழவழவென்று சுத்தமாக வந்தால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் பிடிப்பு இல்லை. வெள்ளையாக மாவு மாதிரியோ பஞ்சு மாதிரியோ ஏதாவது இருந்தால் உப்பு பூத்திருக்கிறது, அதாவது உள்ளிருந்து ஈரம் வந்துகொண்டிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது தெரியாமல் "சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹால் சுவரில் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு சாவியோ ஆணியோ எடுத்துக் கொஞ்சம் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கீறல் மேலோட்டமாக நின்றால் பரவாயில்லை. பள்ளமாகப் பறித்துக்கொண்டு மணல் கொட்டினால் எனக்குச் சொல்லுங்கள். அப்புறம், ஒரு சின்ன மரச் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கெட்டியாக இல்லாமல் பொள்ளலாகக் கேட்கிற இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

கோவை_வீட்டுக்காரர்:
எங்கள் வீட்டில் இதே கதை நடந்தது, அதனால் எழுதுகிறேன். பகலில் பார்க்கும்போது சுவர் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் மேல்கூரையை ஒட்டி எல்.இ.டி. பட்டை விளக்கு போட்டார்கள். அந்த வெளிச்சம் சுவரில் மேலிருந்து கீழாகச் சரிந்து விழுந்ததும் ஒவ்வொரு மேடும் நிழலோடு எழுந்து நின்றது. அதுவும் பளபளப்பு உள்ள எமல்ஷன் எடுத்திருந்தோம், அது இன்னும் மோசமாகக் காட்டியது. கூரை விளக்கு, சுவர் விளக்கு என்று ஏதாவது திட்டம் வைத்திருந்தால் பெயிண்டுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ராத்திரியில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சுவரை ஒட்டி, சுவரோடு படுத்த மாதிரி பிடியுங்கள். ஒப்பந்தக்காரரையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பிடித்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

செங்கை_இன்டீரியர்:
பெரிய வேலையெல்லாம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல பிரைமர் ஒரு கோட், அப்புறம் பட்டி, மறுபடி பிரைமர், மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) பெயிண்ட். மேட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். முதல் பிரைமர்தான் முக்கியம், அது இல்லாமல் பட்டி ஒட்டாது. நாங்கள் எல்லா ஃபிளாட்டிலும் இப்படித்தான் செய்கிறோம்.

மதுரை_பெயிண்டர்:
செங்கை அண்ணே, மேட் பெயிண்ட் சின்னச் சின்னக் குறையை மறைக்கும், அதில் எனக்கும் சம்மதம். முதல் பிரைமர் விஷயத்தில்தான் ஒத்துவரவில்லை. அது எந்தப் பட்டி என்பதைப் பொறுத்தது. டப்பாவில் வருகிற அக்ரிலிக் பட்டி என்றால் பிரைமர் முதலில், நீங்கள் சொல்வதே சரி. மூட்டையில் வருகிற வெள்ளை சிமெண்ட் பட்டி என்றால் பிரைமர் கூடாது. அது சிமெண்ட், கீழே இருக்கிற சிமெண்டோடு நேராகப் பிடிக்க வேண்டும். சுவரைத் தூசி போகத் தேய்த்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தில் இழுக்க வேண்டும். நடுவில் பிரைமர் ஒரு தோல் மாதிரி நின்றால் பட்டிக்குப் பிடிமானம் எங்கே கிடைக்கும்? பிரைமர் பட்டிக்கு மேலேதான்.

ஃபிளாட்டில் பெரும்பாலும் உள்ளறைகளில் அக்ரிலிக் போடுவீர்கள், பூச்சும் ஓரளவு மட்டமாக இருக்கும், அதனால் நின்றிருக்கும். இவர் வீட்டில் போட்டது மூட்டைப் பட்டியா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

செங்கை_இன்டீரியர்:
சரி, மூட்டைப் பட்டி என்றால் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணல் உதிர்கிற சுவரில் எதுவுமே போடாமல் நேராகப் பட்டி இழுத்தால் மட்டும் நிற்குமா?

மதுரை_பெயிண்டர்:
நிற்காது. அதனால்தான் முதலில் பூச்சைச் சரிசெய்யச் சொல்கிறேன்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். போட்டது மூட்டைப் பட்டிதான், பிரைமருக்கு மேல்.

படுக்கையறையில் இரண்டு இடத்தில் உரித்தேன், இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன. குளியலறைச் சுவர் பக்கம் உரிந்த தகட்டின் பின்னால் மணலே இல்லை, வழவழவென்று இருக்கிறது. அது விட்ட இடத்தில் சுவர் கருத்து, தொட்டால் குளிர்கிறது, ஓரத்தில் வெள்ளைத் தூள். ஜன்னல் பக்கம் உரித்தது அப்படியில்லை, எமரித் தாளின் முகம் மாதிரி பின்பக்கம் முழுக்க மணல்.

ஹாலில் சாவியால் கீறினால் அந்த நீளச் சுவரில் மட்டும் பறித்துக்கொண்டு கொட்டுகிறது. மற்ற மூன்று சுவர்களில் மெல்லிய கோடு விழுகிறது, அவ்வளவுதான். தட்டிப் பார்த்ததில் நீளச் சுவரில் பாதிக்குமேல் வட்டம் போட வேண்டியிருந்தது. தூண் ஒட்டுகிற இடத்தில் செங்குத்தாக ஒரு வெடிப்பும் இருக்கிறது, அதை முதலில் கவனிக்கவில்லை.

சிவில்_ஓய்வு:
நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது பிரித்துப் பேசலாம்.

ஹால் நீளச் சுவர்: அந்தப் பூச்சைப் பெயர்த்துவிட்டு மறுபடி பூசவேண்டும். கீறினால் கொட்டுகிறது, தட்டினால் பொள்ளல், மட்டமும் இல்லை. இந்த மூன்றும் ஒரே சுவரில் இருந்தால் மேலே என்ன போட்டாலும் அது அந்தத் தளர்ந்த மணலோடுதான் ஒட்டியிருக்கும், செங்கல்லோடு இல்லை. கலவையில் சிமெண்ட் குறைந்திருக்கலாம், கலந்து நேரம் போனதை மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசைந்திருக்கலாம், தூசி அதிகமுள்ள மணலாக இருக்கலாம், க்யூரிங் நடக்காமல் இருந்திருக்கலாம். க்யூரிங் என்றால் குறைந்தது 7 நாள் சுவர் காயாமல் இருக்க வேண்டும். காலையில் ஒரு வாளித் தண்ணீரை விசிறிவிட்டுப் போவதற்குப் பெயர் க்யூரிங் இல்லை. இப்போது தண்ணீர் விட்டால் பலம் வந்துவிடுமா என்று யாராவது கேட்பார்கள். வறண்டுபோன பூச்சு இழந்த பலத்தை இத்தனை நாள் கழித்துப் பெரிதாக மீட்காது.

தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்த பிறகே பூச வேண்டும். காங்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, அதனால் அந்தக் கோட்டில் பூச்சு பிளக்கும். வலை இல்லாமல் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், பெயர்க்கும்போது தெரிந்துவிடும்.

ஹாலில் மற்ற மூன்று சுவர்கள்: பூச்சு கெட்டி, மட்டம்தான் சுமார். 3, 4 மி.மீ.க்கு மேல் போகிற பள்ளங்களை மட்டும் சலித்த நைஸ் மணலும் சிமெண்டும் கலந்து, அதில் எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் (பிடிப்பைக் கூட்டுகிற பால் மாதிரியான திரவம்) சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பும் முன் அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் கீறிவிட வேண்டும். துருத்துகிற மேடுகளைக் கல் வைத்துத் தேய்த்துவிடலாம். அதன் பிறகு வருகிற பட்டி 1.5 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

படுக்கையறை ஜன்னல் பக்கம்: அங்கேயும் சாவியால் கீறிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் தளர்ந்து அடியில் கெட்டியாக இருந்தால், தளர்ந்ததை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே போகலாம். கீறல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஹால் சுவருக்குச் சொன்னதுதான் இதற்கும்.

குளியலறை ஒட்டிய சுவர்: இது பூச்சுப் பிரச்சினையும் இல்லை, பெயிண்ட் பிரச்சினையும் இல்லை. ஓதம். பைப்பில் கசிவா, குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு போடாததா என்று கண்டுபிடிக்கும்வரை அந்தச் சுவரைத் தொடவே வேண்டாம். பிளம்பரை வைத்து அழுத்தச் சோதனை செய்யுங்கள்.

மதுரை_பெயிண்டர்:
ஐயா சொன்னதில் கடைசி விஷயத்தை நானும் அழுத்திச் சொல்கிறேன். உப்பு பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய் திரும்பவும் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து வெளியே கொட்ட வேண்டும், வரவரத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தஞ்சை_மேஸ்திரி:
கொத்தனார் பக்கமும் யாராவது பேச வேண்டும் என்று இதை எழுதுகிறேன். இந்த வீட்டுப் பூச்சு தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் சதுர அடிக் கணக்கில் கூலி பேசி, ஒரு நாளைக்கு இத்தனை சுவர் முடிக்க வேண்டும் என்று துரத்தினால் எவன் தூக்குக் குண்டு போட்டு, தடிமன் அளவுக்குக் கலவையில் அங்கங்கே புள்ளி வைத்துப் பூசுவான்? புள்ளி வைக்காமல் கண்மட்டத்தில் பூசினால் இப்படித்தான் வரும். செங்கல் கட்டியதே வளைந்திருந்தால் 12 மி.மீ. பூச்சு ஓரிடத்தில் 8 ஆகவும் இன்னோரிடத்தில் 25 ஆகவும் போகும். 25 போகிற இடத்தில் ஒரே தடவையில் அப்பினால் தன் எடையிலேயே தொங்கும். தொங்கிய இடம்தான் தட்டும்போது பொள்ளலாகக் கேட்கும். தடிமன் கூடினால் முதல் கை போட்டு, சொரசொரப்பாக விட்டு, காயவைத்து, இரண்டாம் கை போட வேண்டும்.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பூச்சு தண்ணியாகிவிட்டால் காய்ந்த சிமெண்டை மேலே தூவி மணியாஸ் கட்டையால் தேய்ப்பார்கள். பார்க்க நைஸாக இருக்கும். மேலே கெட்டியான மெல்லிய தோல், கீழே பலவீனமான பூச்சு. அந்தத் தோல் வலை வலையாக வெடிக்கும், பட்டியோடு சேர்ந்து உரிந்து வரும். ஜன்னல் பக்கம் உங்களுக்கு இது நடந்திருக்க வாய்ப்பு உண்டு. மணலுக்கு மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு இருக்கிறதா என்று அந்தத் தகட்டில் பாருங்கள்.

மறுபடி பூசும்போது செங்கல் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு, தூசி தட்டி, முதல் நாளே சுவரை நனைத்து வைக்கச் சொல்லுங்கள். உள்சுவருக்கு 1:5 (சிமெண்ட் ஒன்று, மணல் ஐந்து) போதும். மணலை உங்கள் கண் முன்னால் சலிக்கச் சொல்லுங்கள். எத்தனை கூடை மணலுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

நெல்லை_வீடு:
மேல்கூரையையும் தட்டிப் பார்த்தீர்களா? எங்கள் உறவினர் வீட்டில் கூரைப் பூச்சு ஒரு தகடு பெயர்ந்து விழுந்தது, நல்லவேளை கட்டிலில் யாரும் இல்லை. காங்கிரீட்டைக் கொத்திவிடாமல், காங்கிரீட் போடும்போது பலகைக்குத் தடவிய எண்ணெய் மேலேயே பூசியிருந்தார்கள். பெயிண்ட் கெட்டால் பணம்தான் போகும், இது ஆளையே அடிக்கும்.

சிவில்_ஓய்வு:
மிக முக்கியமான விஷயம், நான் சொல்லியிருக்க வேண்டும். கூரைப் பூச்சு 6 மி.மீ. அளவில் மெல்லியதாக இருப்பதுதான் முறை. மட்டம் சரியில்லை என்று கூரையில் தடியாக அப்ப விடாதீர்கள். மூங்கில் கழியால் தட்டுங்கள், பொள்ளலாகக் கேட்கிற இடத்தை இப்போதே தட்டி விழவைத்துவிட வேண்டும்.

காவிரிக்கரை:
கூரை முழுக்கத் தட்டிவிட்டேன், ஒரு மூலை தவிர எல்லாம் கெட்டியாக இருக்கிறது, அந்த மூலையை எடுக்கச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஐயா சொன்ன மாதிரியே ஜன்னல் பக்கத் தகட்டில் மணலுக்கு மேல் சாம்பல் ஏடு இருக்கிறது. சுரண்டியதும் அடியில் சாவி ஏறவில்லை, அதனால் அங்கே பூச்சை உடைக்க வேண்டாம். ஹால் சுவரைப் பெயர்க்க ஆரம்பித்ததும் பூச்சு கையோடு வந்தது, தூண் ஓரத்தில் வலை இல்லை.

ஒப்பந்தக்காரரை ராத்திரி வரவைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். முதலில் "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றார். மட்டக்கோலை வைத்துக் காட்டி, இந்தச் சுவர் சரியாகாமல் பூச்சுக்கான தவணையை விடமாட்டேன் என்று சொன்னதும், மறுபடி பூசுகிற கூலியும் பொருளும் தன் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். குளியலறையில் வெந்நீர்ப் பைப் இணைப்பில் கசிவு, பிளம்பர் கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது ஒரே கேள்வி. தைக்குள் பெயிண்ட் முடியாது என்று ஆகிவிட்டது. விசேஷத்துக்கு வருகிறவர்கள் பார்க்க சுவர் வெள்ளையாக இருக்கட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். தற்காலிகமாகச் சுண்ணாம்பு அடித்துவிடலாமா?

மதுரை_பெயிண்டர்:
சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம் சார். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வேறு விஷயம், அங்கே ஒன்றோடு ஒன்று சேரும். உங்கள் சுவரில் பின்னால் பட்டி போட்டு எமல்ஷன் அடிக்கப் போகிறீர்கள், அந்தச் சுண்ணாம்பு மாவாக நடுவில் நிற்கும். ஒவ்வொரு சுவராகச் சுரண்டி எடுக்க வேண்டிவரும், அது புதுப் பூச்சைவிடப் பெரிய தலைவலி. சிமெண்ட் சுவரோடு பால் காய்ச்சிக் குடிபோன வீடுகள் ஏராளம். முன்வாசலுக்கு மாவிலைத் தோரணம், ஹாலில் பந்தல்காரரிடம் சொல்லித் துணி கட்டினால் போதும், பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

விசேஷம் முடிந்ததும் ஜன்னலைத் திறந்து போட்டுக் காற்று ஓடவிடுங்கள். தை, மாசியில் சுவர் நன்றாகக் காயும், மழையும் விட்டிருக்கும். புதுப் பூச்சுக்கு க்யூரிங் முடிந்தபின் குறைந்தது 28 நாள் கொடுங்கள். அப்போதும் நாள் கணக்கை மட்டும் நம்பாமல், ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருங்கள்.

சிவில்_ஓய்வு:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுச் சிமெண்ட் காரத்தன்மை அதிகம் உள்ளது, பி.எச். 12க்கு மேல் இருக்கும். ஆயில் பிரைமர், எனாமல் போன்றவற்றில் உள்ள எண்ணெயை அந்தக் காரம் ஈரத்தோடு சேர்ந்து சோப்பாக மாற்றிவிடும், பெயிண்ட் பிசுபிசுத்து விட்டுப்போகும். அதனால் பட்டிக்கு மேலே தண்ணீரில் கலக்குகிற, காரத்தைத் தாங்கும் பிரைமர் என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

காவிரிக்கரை:
படுக்கையறையில் ஏற்கெனவே அடித்த மற்ற இரண்டு சுவர்கள்? அங்கே உரியவில்லை, ஆனால் அதுவும் பிரைமர் மேல் பட்டிதான்.

மதுரை_பெயிண்டர்:
பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாக, பூச்சு தெரிகிறவரை கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஒவ்வொரு சுவரிலும் மேலே, நடுவே, கீழே என்று பாருங்கள். டேப்போடு கட்டங்கள் வந்தால் மொத்தத்தையும் சுரண்டிவிடுங்கள், வராமல் நின்றால் அப்படியே விட்டுவிட்டு மிச்சம் ஒரு கோட்டை மட்டும் மற்ற அறைகளோடு சேர்த்து அடித்துக்கொள்ளலாம்.